கண்ணாடிக்குப் பின்னால் இருந்த கை

துபாய் அறையில் முகம் மழிக்க நிற்கும்போதெல்லாம் காரைக்குடி வீட்டில் அப்பா வைத்திருந்த சவரக் கண்ணாடி நினைவுக்கு வரும். அம்மா பக்கவாதத்தில் விழுந்து வலது கை விளங்காமல் போனபோது, பிசியோதெரபி பார்க்க வந்த பெண் அதைக் கழற்றி அம்மாவின் இரு கைகளுக்கும் நடுவே மேசைமேல் நிறுத்தினார். வலது கை கண்ணாடிக்குப் பின்னால் மறைந்திருக்கும். இடது கையை விரித்து மடக்கினால், கண்ணாடியில் தெரிவதை மூளை வலது கை என்றே நம்புமாம். நம்பி நம்பி ஒருநாள் நிஜமாகவே அசைத்துவிடுமாம்.

"ஏமாத்து வைத்தியமால்ல இருக்கு," என்றாள் அம்மா.

அவசர விடுப்பில் வந்திருந்த நான் தினமும் எதிரே உட்கார்ந்து, "விரிம்மா, மடக்கும்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா போன பிறகு அம்மா தனியாகத்தான் இருந்தாள். கை வந்துவிட்டால் நான் கிளம்பிவிடுவேன் என்று இருவருக்குமே தெரியும். விரல்கள் லேசாக அசையத் தொடங்கின. பிறகு அத்தோடு நின்றுவிட்டன. பிசியோதெரபிப் பெண்ணுக்கே குழப்பம். நான் விடுப்பை நீட்டிக்கொண்டே போனேன்.

ஒருநாள் பெரியப்பா மகனும் மதினியும் தங்கள் மகள் கல்யாணத்துக்கு அழைக்க வந்தார்கள். தேங்காய், வெற்றிலையோடு பத்திரிகை வைத்த தாம்பாளத்தை மதினி நீட்டினார். எங்கள் பக்கம் அதை இடது கையால் மட்டும் வாங்குவது ஆகாது. அம்மா சட்டென்று இரண்டு கைகளாலும் வாங்கிவிட்டாள்.

"கை விளங்கலைன்னாக, நல்லாத்தான பிடிக்கிறீக சின்னாத்தா!" என்றார் மதினி.

அம்மா என்னைப் பார்த்தாள். திருடி மாட்டிக்கொண்ட பிள்ளையின் முகம். எனக்குக் கோபம் வரவில்லை. என்னைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள, வந்த கையை இத்தனை நாளும் மடியில் முடக்கி வைத்திருக்கிறாள்!

மறுநாளும் கண்ணாடியை நிறுத்தி, "விரிம்மா" என்றேன். இடது கையை மட்டும் விரித்தாள். தெரிந்துகொண்டே இருவரும் நடித்தோம். அந்த நாட்களைப் போல நான் சந்தோஷமாக இருந்ததில்லை.

பிறகு துபாய் ஆபீசிலிருந்து போனில் கூப்பிட்டார்கள். உடனே வராவிட்டால் வேலை இல்லை என்றார்கள். வாசலில் நின்று கெஞ்சிப் பார்த்தேன். அது உள்ளே கேட்டிருக்க வேண்டும்.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் உள்ளே வந்தேன். என் பெட்டி கட்டிலில் திறந்து கிடந்தது. துணிகளை மடித்து அடுக்கியிருந்தாள்.

"இங்குட்டு வாப்பா. மூடிய அமுக்கிப் பிடி, அடங்க மாட்டேங்குது," என்றாள்.

நான் அமுக்கிப் பிடித்தேன். அம்மா வலது கையாலேயே ஜிப்பைச் சுற்றிலும் இழுத்து மூடினாள்.