வாசலில் காகிதப்பூ இருக்கும் வீடு

நாலுவழிச் சாலையின் நடுவே லாரிப் புகையைக் குடித்துக்கொண்டு பூக்கிற காகிதப்பூவை, மூன்று வருடம் ஒரு பூகூடப் பூக்கவிடாமல் வளர்த்தவன் நான். அல்லிநகரம் வீட்டு வாசலில் இரண்டு கல்தூண் நட்டு, கம்பி இழுத்து ஏற்றியிருந்தேன். காலையும் மாலையும் தண்ணீர். வாரம் ஒரு தரம் கடலைப் புண்ணாக்குக் கரைசல். வாங்கி வாசித்த நாலு புத்தகமும் வெயில் போதும், தண்ணீரைக் குறை என்றன. பிள்ளையைப் பட்டினி போடச் சொல்லும் புத்தகத்தை எப்படி நம்புவது? கொடி கருகருவென்று தழைத்து மாடி ஏறியது. இலையோடு சரி.

மகளை வீரபாண்டி கோயிலில் வைத்துப் பெண் பார்த்துவிட்டுப் போன போடிக்காரர்கள், நிச்சயத்துக்குத்தான் முதன்முதலாக வீட்டுக்கு வர இருந்தார்கள். போனில் வழி கேட்டபோது, வாசல் நிறைய ரோஸ் கலர் காகிதப்பூ இருக்கும், அதுதான் நம் வீடு என்று சொல்லிவிட்டேன். லொக்கேஷன் அனுப்பலாமே என்றாள் மகள். அனுப்பினால் பூ இல்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே. கம்பத்திலிருந்து மைத்துனனை வரவழைத்தேன்.

அவன் திராட்சை விவசாயி. கம்பியில் படர்ந்தது எதுவானாலும் அவனுக்குத் திராட்சைதான். "மூணு நேரமும் சோறு போட்டு வளத்தா அது எதுக்கு மாமா பூக்கப் போகுது?" என்றவன், கத்தரியோடு ஏறிக் கவாத்து அடித்தான். இறங்கும்போது கம்பியில் வெறும் குச்சிகள்தான் இருந்தன.

"தண்ணிய நிறுத்துங்க. நாப்பது நாள்ல பூத்துக் குலுங்கும். ஆமா, நிச்சயம் என்னைக்கு?"

பதினெட்டாம் நாள் என்றேன். கத்தரியைத் துடைத்துக்கொண்டே, "அத மொதல்ல சொல்லியிருக்கலாமே மாமா" என்றான்.

நிச்சயத்தன்று பத்து மணிக்கு வரவேண்டியவர்கள் பத்தரை ஆகியும் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. மனசு மாறிவிட்டதோ என்று மனைவி உட்கார்ந்துவிட்டாள். பட்டுச் சேலையோடு மாடிக்கு ஓடிய மகள்தான் கண்டுபிடித்தாள். நாலு வீடு தள்ளி, மோட்டார் கடைக்காரர் வீட்டு வாசலில் இரண்டு வேன் நின்றது. அங்கே கட்டட இடிபாட்டில் தானாக முளைத்து, யாரும் ஒரு சொம்புத் தண்ணீர்கூட ஊற்றாத காகிதப்பூ மதில் முழுக்கப் பூத்துக் கிடந்தது. உள்ளே அவர்கள் கூடத்தில் எங்கள் சம்பந்திகளும் தாம்பூலத் தட்டுகளும். யார் வந்தாலும் முதலில் காபி, விவரம் பிறகு என்பது அந்த வீட்டம்மாவின் வழக்கம். காபி குடித்து முடித்த பிறகுதான் பெண் எங்கே என்ற கேள்வியே எழுந்திருக்கிறது.

தட்டுகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஊர்வலமாக வந்தோம். நிச்சயம் நல்லபடியாக முடிந்தது. சாப்பாடு, காபி எல்லாம் ஆகி, வேன் ஏறப்போன மாப்பிள்ளையின் அம்மாவிடம் குச்சிகளைக் காட்டி, மூன்று வருடம் நான் ஊற்றிய தண்ணீரின் கதையை விளக்கமாகச் சொல்லி வருத்தம் தெரிவித்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"அந்த வீட்டுக் காபி நல்லா இருந்துச்சுண்ணே. உங்க வீட்லதான் எல்லாத்துக்கும் தண்ணி கொஞ்சம் கூட."