பதினொரு பெயர்கள்

மர்பி டவுனில் எங்கள் தெருச் சங்கத்தின் சுதந்திர தினக் கொடியேற்றத்துக்கு நான்தான் பொறுப்பு. போன வருடம் அந்தக் காலையில், எழுபதைத் தாண்டிய ஒல்லியான மனிதர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. கையிலிருந்த காகிதத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக மேடையைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே இருந்தார்.

“ரெண்டு நிமிஷம் மைக் குடுங்க சார். பதினோரு பேரு. எல்லாம் இந்த ஊரு மில்லு ஆளுங்க, வெள்ளைக்காரன் காலத்துல கொடி புடிச்சு ஜெயிலுக்குப் போனவங்க. எந்தப் புஸ்தகத்துலயும் இல்ல. இதுக்கு முன்னாடி ரெண்டு எடத்துல கேட்டேன், டைம் இல்லைன்னுட்டாங்க.”

“இதுல உங்க அப்பா யாரு சார்?” என்று கேட்டேன்.

அவர் நடை நின்றது. “அவரு இதுல இல்ல. அந்த ஜெயில்ல வார்டர். இவங்கள அடிச்சவரு. சாகறதுக்கு முன்னாடி ஒரு பேரு விடாம சொல்லி, எழுதிக்கடான்னாரு.”

“எதுக்காம்?”

“அத சொல்லாமலே போயிட்டாரு. மைக் குடுப்பீங்களா, மாட்டீங்களா?”

கொடுத்தேன். ஒவ்வொரு பெயரையும் வாசித்துவிட்டு, யாரோ பதில் சொல்லப்போகிறார்கள் என்பதுபோலச் சற்று நிறுத்தினார். தன் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கூட்டம் கைதட்டுவதற்குள் இறங்கி, லட்டுகூட வாங்காமல் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து வேகமாகப் போய்விட்டார்.

முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா என்னிடம், “அவங்கல்லாம் அவருக்கு என்ன வேணும்?” என்று கேட்டார்.

அந்த அம்மாவிடம் லட்டுத் தட்டை நீட்டினேன்.