இடிக்குப் பொறுப்பானவர்

எங்கள் வீட்டு முன்னறையில், நான் மைக்கோடு நின்று பாடும் படத்துக்குப் பக்கத்தில், ஒரு திறப்புக் கோர்வை தொங்குகிறது. கிழிந்த வலை பொத்தும் நீல நைலோன் நூலில் கோத்த திறப்புகள். ஒன்று கோவில் மணிக்கோபுரக் கதவின் பூட்டுக்கு, ஒன்று மேடையின் மின்சாரப் பெட்டிக்கு, மற்றவை பள்ளிக்கூட வகுப்பறைகளுக்கு. என் மனைவியின் அண்ணன், எனக்கு மச்சான், திருவிழா நாள்களில் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தவை இவை. அவருடைய நினைவுப் பூசை முடிந்து வந்த கையோடு மனைவி ஆணி அடித்து அவற்றை அங்கே தொங்கவிட்டாள். வேறு சுவரே வீட்டில் இல்லையா என்று கேட்க வாய்வரை வந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் திறப்பைத்தான் முதலில் பார்க்கிறார்கள். "அண்ணையின்ரை திறப்பெல்லோ" என்று தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர்களும் உண்டு. பக்கத்தில் இருக்கும் படத்தில் தூசி படிந்திருக்கிறது என்று சொல்லக்கூட ஒருவர் அந்தப் பக்கம் பார்த்ததில்லை. செத்துப்போன மனிதர்மேல் பொறாமைப்படுவது பாவம் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் படுகிறேன்.

எங்கள் ஊர் மன்னார்த் தீவில் கடலை ஒட்டிக் கிடப்பது. சோளகக் காற்று ஓய்ந்து மாரி தொடங்குவதற்கு முன்னான இடைவெளியில் செபமாலை மாதா திருவிழா வரும். காலையில் பூசை, பின்னேரம் மாதாவின் சுருவத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றி வருவார்கள், அது முடிய கோவில் வெளியில் இன்னிசை நிகழ்ச்சி. அந்த இசைக்குழு என்னுடையது. பகலில் நகரத்துக் கந்தோரில் கோப்புகளுக்குள் கிடக்கும் நான், வருடத்தில் அந்த ஒரு பின்னேரத்துக்காகத்தான் தொண்டையைக் காப்பாற்றி வைத்திருந்தேன். மச்சானுக்கோ பாட்டும் தெரியாது, மேடையும் தெரியாது. படகு என்ஜின் சாமான் கடை வைத்திருந்தார். இளம் வயதில் தொழிலுக்குப் போன இடத்தில் பக்கத்துப் படகில் மின்னல் விழுந்ததைக் கண்டவர், அன்றோடு கடலை விட்டார். வானம் முழங்கினால் கடைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்துவிடுவார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அவரை நான் அவர் தங்கைக்கு முன்னாலேயே பகிடி பண்ணியிருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டு தேநீரைக் குடிப்பார். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்காது.

திருவிழாக் கூட்டத்தில் வேலைகளைப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். பந்தல், சாப்பாடு, வாகனத் தரிப்பு எல்லாவற்றுக்கும் ஆள் குறித்தாகிவிட்டது. அப்போதுதான் பின்கதிரையில் இருந்த மச்சான் எழும்பி, "இடி மின்னல் வந்தா நிகழ்ச்சியை ஆர் நிப்பாட்டுறது?" என்று கேட்டார். ஒருவரும் அதுவரை யோசிக்காத கேள்வி. பங்குச்சுவாமி திருவிழாத் தலைவரைப் பார்த்தார். தலைவர், அது மேடை போடுகிறவர்களின் வேலை என்றார். மேடைக்காரர், நிகழ்ச்சிக்கு நேர்த்தி வைத்த குடும்பம் சொன்னால் நிறுத்தலாம் என்றார். எங்கள் ஊரில் இன்னிசையும் ஒரு நேர்த்திக்கடன். பிள்ளை சுகமானால், படகு தப்பி வந்தால், வெளிநாட்டில் இருக்கிறவர்கள் மாதாவுக்கு ஒரு இன்னிசை வைப்பார்கள். நேர்த்தியை நடுவில் முறிக்க எவருக்கும் துணிவு வராது. கடைசியில் ஒரு பெரியவர், "மாதா திருவிழாவுக்கு ஒருநாளும் மழை பெய்தது இல்லை. அவ பாத்துக்கொள்ளுவா" என்றார். எல்லோரும் ஆறுதலாகத் தலையாட்டினார்கள். மச்சான் மட்டும் உட்காரவில்லை. "அவ பாத்துக்கொள்ளுவாதான். ஆனா அவ இறங்கி வந்து சுவிச்சை நிப்பாட்டமாட்டா" என்றார். சிரிப்பு எழும்பியது. நானும் சும்மா இருக்கவில்லை. "அப்ப இடிக்குப் பொறுப்பு எங்கடை மச்சான்தான். பயந்தவருக்குத்தானே முதல் கேக்கும்" என்றேன். கூட்டம் கைதட்டியது, பங்குச்சுவாமி எழுதிக்கொண்டார். அந்தப் பதவியை அவருக்கு வாங்கிக் கொடுத்ததே என் வாய்தான்.

அவர் அதைப் பகிடியாக எடுத்துக்கொள்ளவில்லை. சுவாமியிடம் போய் மணிக்கோபுரத் திறப்பைக் கேட்டு வாங்கினார். பள்ளிக்கூட அதிபரிடம் போய் வகுப்பறைத் திறப்புகளை வாங்கினார். மேடைக்குப் போகும் மின்சாரத்தைத் தனிப் பெட்டியாக்கி மணிக்கோபுரத்தின் அடியில் வைக்கச் செய்தார். மேடை இருண்டாலும் கோவிலும் பள்ளிக்கூடமும் வெளிச்சமாக இருக்கவேண்டும், சனம் வெளிச்சத்துக்குத்தான் போகும் என்பது அவருடைய கணக்கு. இடிச் சத்தம் ஒருதரம் காதில் விழுந்தால் போதும், அடுத்ததற்குக் காத்திருப்பதில்லை என்று ஒரு விதியும் வைத்துக்கொண்டார். இத்தனை வருடம் அந்தக் கோவிலுக்காகப் பாடிய எனக்கு ஒரு பெட்டகத் திறப்பைக்கூட எவரும் நம்பித் தந்ததில்லை. இவர் கேட்ட இடமெல்லாம் கொடுத்தார்கள். ஒத்திகைக்கு வந்து மேடைத் தகரக் கூரையை உயரம் குறைத்துப் பதிக்கச் சொன்னார், விளக்குக் கம்பத்துக்கு இன்னும் இரண்டு கயிறு கட்டச் சொன்னார், என் குழுப் பொடியன்கள் நான் சொல்லும்போது காட்டாத சுறுசுறுப்போடு கட்டினார்கள். முதல் இரண்டு திருவிழாவும் வானம் சுத்தமாக இருந்தது. அவர் திறப்புகளோடு மணிக்கோபுர வாசலில் சும்மா நின்றார். நான் மேடையிலிருந்தே, "இடிக்குப் பொறுப்பானவருக்கு இந்தப் பாட்டு" என்று சீண்டினேன். சனம் சிரித்தது.

மூன்றாவது திருவிழாவுக்கு நானே எழுதி மெட்டமைத்த மாதா பாட்டு ஒன்றை வைத்திருந்தேன். கடலுக்குப் போனவன் திரும்பும்வரை கரையில் விளக்கோடு நிற்கும் தாயாக மாதாவைப் பாடியது. அந்த வருடம் நேர்த்தி வைத்தவர் வெளிநாட்டிலிருந்து குடும்பத்தோடு வந்து முன்வரிசைக் கதிரையில் இருந்தார். பாட்டு பிடித்தால் நல்ல முறையில் ஒலிப்பதிவு செய்து தருவதாகச் சொல்லியிருந்தார். பின்னேரம் முழுவதும் காற்றில்லாமல் புழுங்கியது. பொழுதுபட்டபோது பெருநிலப் பக்கம், பாப்பாமோட்டை வயல்களுக்கு மேலே வானம் மினுங்கத் தொடங்கியது. நான் அதைப் பார்க்கவில்லை. என் கண் முன்வரிசையில் இருந்தது. பாட்டைத் தொடங்கினேன். தொண்டை அன்று கேட்டதற்கெல்லாம் இடம் கொடுத்தது. பாயில் இருந்த பெண்கள் கதையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்கள். முதல் சரணம் முடிந்தது. இரண்டாம் சரணத்தில் குரலை மேலே ஏற்றிய இடத்தில் விளக்குகள் அணைந்தன, மைக் செத்தது. ஒரு சொல்லோ இரண்டு சொல்லோ வெறுங்குரலில் பாடினேன். அதற்குள் கோவில் மணி அடித்தது. நேரமில்லாத நேரத்தில் மணி அடித்தால் எங்கள் கரையில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: படகு திரும்பவில்லை. கதிரையில் குந்தி இருக்க எவராலும் முடியாது. சனம் முழுவதும் எழும்பி, வெளிச்சமாக இருந்த கோவிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடந்தது. நேர்த்திக்காரர், "ஆர் முறிச்சது, ஆர் முறிச்சது" என்று கேட்டுக்கொண்டு போனார். நான் மச்சானின் கழுத்தைப் பிடிப்பது என்ற முடிவோடு மேடையால் இறங்கினேன். மணிக்கோபுரத்தை அடைந்தபோது அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு கயிற்றை இழுத்தபடி நின்றார். நான் வாயைத் திறக்கவும் மின்னல் விழவும் சரியாக இருந்தது. வெளியோரத்துப் பனை பற்றியது. பின்னாலேயே வந்த காற்று தகரக் கூரையைப் பிய்த்தது, விளக்குக் கம்பம் பாய்கள் விரித்திருந்த இடத்தில் சரிந்து விழுந்தது. அந்தப் பாய்களில் அப்போது ஒருவரும் இல்லை.

பனையடியில் மட்டும் ஒருவர் இருந்தார். திருவிழாக்களுக்குக் கச்சான் கடலை வறுத்து விற்கும் அக்கா. அடுப்பையும் சட்டியையும் விட்டுவிட்டு வர மனமில்லாமல் பிந்திவிட்டார் என்று சொன்னார்கள். உயிர் தப்பினார். வலக்கை விரல்கள் அதற்குப் பிறகு மடங்கவில்லை.

பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது. அடுத்த ஞாயிறு பூசையில் மச்சானுக்குப் பொன்னாடை போட்டார்கள். நேர்த்திக்காரரே அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஒலிப்பதிவைப் பற்றி என்னிடம் ஒரு சொல் இல்லை. முள்ளிக்குளத்தில் நாடகம் போட்டவர்கள் மச்சானைக் கூப்பிட்டு, மேடை போடும் இடத்தைக் காட்டி யோசனை கேட்டார்கள். சிலாவத்துறையில் பள்ளிக்கூட மைதானத்துக் கலைவிழாவுக்கு, "நீங்கள் வந்து ஒருக்கா பாத்தால்தான் எங்களுக்கு நிம்மதி, நானா" என்று அந்த ஊர் முஸ்லிம் பொடியன்கள் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். வெளியில் பாட்டு வைக்கிற எந்த ஊரிலும் யார் பொறுப்பு என்ற கேள்வி வந்தால் அவர் பெயர் வந்தது. என் மனைவி, "அண்ணை இல்லாட்டி அண்டைக்கு எத்தினை சவப்பெட்டி சுமந்திருப்பம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். நானும் ஒருமுறை பொறுக்கமுடியாமல், அன்று எந்தப் பாட்டு நடுவில் நின்றது என்று நாலு பேரிடம் கேட்டுப் பார்த்தேன். ஒருவர் சினிமாப் பாட்டு என்றார். மற்றவர்களுக்கு ஞாபகமே இல்லை. உயிரோடு இருப்பவர்களிடம் பாட்டு ஞாபகமில்லையா என்று கேட்பது அற்பத்தனம். ஆனால் வயிறு எரிகிறவனுக்கு அற்பம் எது, பெரிது எது.

மச்சான் நோயில் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பகல் வேளைகளில் நான்தான் பக்கத்தில் இருந்தேன். ஒருநாள் மத்தியானம், வெளியே வெயில் காய்ந்துகொண்டிருக்க, அவர் அந்தக் கச்சான்கார அக்காவுக்கு மருந்து வாங்கிக் கொடுக்கச் சொன்னார். சுகமாக இருந்த காலத்தில் மச்சான் வாரம் தவறாமல் அந்த அக்காவிடம் கச்சான் வாங்குவார், பல்லில்லாத மனிதர் இதை என்ன செய்கிறார் என்று நான் யோசித்ததுண்டு. பிறகு சொன்னார்: "மச்சான், அண்டைக்கு நான் பிந்திட்டன். நீங்கள் பாடத் தொடங்கேக்கையே இடி கேட்டது. திறப்பு கையிலை. எண்டாலும் நீங்கள் ஒருநாளும் அப்பிடிப் பாடினதில்லை. இந்தச் சரணம் முடியட்டும், இந்தச் சரணம் முடியட்டும் எண்டு நிண்டுட்டன்." "அப்ப அதிலை எனக்கும் பங்கிருக்கு" என்றேன். அவர் தலையை ஆட்டினார். "இல்லை. நீங்கள் பாட வந்தனீங்கள். திறப்பு என்ரை கையிலை இருந்தது." என் பாட்டை ஊரில் கேட்டவர் ஒருவர் இருந்தார் என்று அன்றுதான் அறிந்தேன். அது சந்தோஷமாக இருந்திருக்கவேண்டும். எனக்கு வந்தது பொறாமைதான். புகழ் முழுவதையும் வைத்துக்கொண்டவர், பழியிலும் எனக்கு ஒரு துண்டு தரவில்லை.

இந்த வருடம் திருவிழாக் கூட்டத்தார் திறப்பைக் கேட்டு வந்தார்கள். மனைவி அதை ஆணியிலிருந்து கழற்றி என் கையில் தந்து, "நீங்கள் போங்கோ" என்றாள். என் தொண்டை இப்போது உயரத்துக்குப் போவதில்லை, அதனால் மேடையில் எனக்கு வேலையில்லை. ஆனால் நான் சம்மதித்த காரணம் அதுவல்ல. அவருக்குக் கிடைத்தது எனக்கும் ஒருமுறை கிடைக்கட்டும் என்ற ஆசை. இடி வரவேண்டும் என்று உள்ளுக்குள் விரும்பியபடிதான் மணிக்கோபுர வாசலில் நின்றேன். ஒரு பிள்ளை பாட வந்தாள். நல்ல குரல், என்னுடையதைவிட நல்லது. முதல் வரியிலேயே பாப்பாமோட்டைப் பக்கம் மெல்ல முழங்கியது. நான் பெட்டியைத் திறந்து நிறுத்தினேன், கயிற்றை இழுத்தேன். சனம் போனது. மழை வரவில்லை. முகில் கடலுக்கு மேலால் நழுவிப் போக, கோவில் படியில் நின்ற சனத்துக்கு நட்சத்திரம் தெரிந்தது. நேர்த்திக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தப் பிள்ளை அழுதாள். மேடைக்காரர், "அந்த அண்ணை இருந்திருந்தா இப்பிடி அவசரப்படமாட்டார்" என்று எனக்குக் கேட்கவே சொன்னார்.

கோவில் வாசலின் கடைசிப் படியில் கச்சான்கார அக்கா அடுப்பையும் சட்டியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருந்தார். என்னைக் கண்டதும் இடக்கையாலேயே கச்சானை ஒரு கடதாசிச் சரையில் சுற்றி நீட்டினார். "இந்த முறை வெள்ளன அடிச்சிட்டீங்கள் தம்பி."

"மழை வரேல்லையே அக்கா."

"வராட்டி என்ன. அந்த முறையும் எனக்கு வானம் தெரிஞ்சதுதான். அடுப்பை அணைச்சிட்டு எழும்பினனான். நீங்கள் அந்த மாதா பாட்டைத் தொடங்கினீங்கள். முடியட்டும், கேட்டிட்டுப் போவம் எண்டு திரும்பக் குந்திட்டன்." பாட்டு நின்ற அந்த வரியை மெதுவாக, மெட்டுப் பிசகாமல் பாடிக் காட்டினார். "இதின்ரை மிச்சம் என்ன தம்பி? இண்டைவரைக்கும் எனக்குத் தெரியாது."

கச்சான் சரை என் கையில் சூடாக இருந்தது. பாட்டின் மிச்சம் எனக்கு ஒரு சொல் விடாமல் ஞாபகம் இருந்தது. என்னால் பாட முடியவில்லை. மச்சான் ஆஸ்பத்திரியில் எனக்குத் தர மறுத்த பழியின் பங்கை, தான் தருவது தெரியாமலே இந்த அக்கா என் கையில் தந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து திறப்பை ஆணியில் மாட்டினேன். பக்கத்துப் படத்தில் நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி நிற்கிறேன்.