புள்ளி இரண்டு சதவீதம்

காப்பியைத் தொடுவதற்கு முன் சட்டைப்பையிலிருந்து மிளகாய்ச் சாற்றுப் புட்டியை எடுத்து முட்டையின் மேல் கவிழ்க்கிறார் எலியோதோரோ கெசாதா. ஆர்லீனின் சாப்பாட்டுக்கடையில் பத்தொன்பது வருடமாக இதே நாற்காலி, இதே புட்டி. பண்ணைகளில் தண்ணீர் இறைக்கும் காற்றாடிகளைப் பழுதுபார்ப்பது தொழில். அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தின் அந்த மணல்மேட்டு மாவட்டத்தில் மொத்தமே ஐந்நூறு பேர். அவர்களில் லத்தீன் அமெரிக்க வம்சத்தவர் எத்தனை பேர் என்றால், இவர்தான்.

அந்தக் கணக்கை மாவட்டவாரியாகப் போட்டு செய்தித்தாளில் வரைபடம் வரும் நாளில் இவரைக் கையில் பிடிக்க முடியாது. பக்கத்து மாவட்டம் அறுபது சதவீதம் என்று கருஞ்சிவப்பில் மிரட்டும். இவருடையது சோகை பிடித்த மாதிரி வெளுத்து, 0.2 என்று கிடக்கும். "அந்தப் புள்ளி ரெண்டு யாருங்கறீங்க? இந்த உடம்புதான்!" என்று நெஞ்சைத் தட்டுவார். பல் பிடுங்க வெளியூர் போனால்கூட ஆர்லீனிடம் சொல்லிவிட்டுத்தான் போவார்: "சாயங்காலம் வரைக்கும் நாம பூஜ்யம். யாராவது கேட்டா சமாளிச்சுக்க."

மார்ச்சில் வில்மர், டெல்மி என்ற ஹோண்டுராஸ் தம்பதி மாட்டுப்பண்ணை வேலைக்கு வந்து இறங்கினார்கள். "என் புள்ளி ரெண்டுல பங்குக்கு வந்துட்டாங்க," என்று இரண்டு நாள் பொருமினார். மூன்றாம் நாள் ஒரு பை மிளகாயோடு எட்டிப் பார்த்தவருக்கு, தன் ஸ்பானிய மொழிக்கு ஸ்பானிய மொழியிலேயே பதில் வந்தது. அப்புறம் தினமும் போனார்.

ஒரு மாதத்தில் டெல்மி குண்டைத் தூக்கிப் போட்டாள். "எலியோ ஐயா, இவரு வேலைக்குப் போனா எனக்குப் பேச்சுத் துணை காத்துதான். பக்கத்து மாவட்டத்துல நம்ம ஆளுங்க நாலாயிரம் பேர் இருக்காங்க. சனிக்கிழமை கிளம்புறோம்."

"இங்கயும் நெறைய பேர் இருக்காங்கம்மா. கொஞ்சம் கூச்ச சுபாவம், அவ்வளவுதான்," என்று கூசாமல் புளுகினார்.

புளுகிய பிறகு ஆள் வேண்டுமே! கடைக்கு வரும் ஆறு பண்ணைக் கிழவர்களை உட்காரவைத்து ஸ்பானிய மொழிப் பாடம் நடத்தினார்.

"எலியோ, வெர்னன் வாயில இதெல்லாம் நுழையாதுப்பா. விட்டுடு," என்றாள் ஆர்லீன்.

"நுழைய வெக்கிறேன் பாரு."

வெள்ளிக்கிழமை தம்பதி உள்ளே நுழைந்ததும் ஆறு பேரும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழுந்து, "புவெனோஸ் தியாஸ்!" என்று ஸ்பானிய மொழியில் காலை வணக்கத்தைக் கத்தினார்கள். நீலக் கண்ணும் செம்பட்டைப் புருவமுமாக நின்ற வெர்னனை டெல்மி ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஐயாவுக்கு எந்த ஊரு?"

"புவெனோஸ் தியாஸ்."

"பிள்ளைங்க எத்தனை?"

வெர்னன் யோசித்தார். "புவெனோஸ் தியாஸ்."

டெல்மி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எலியோ மட்டும் மிளகாய் முட்டையை மும்முரமாகக் கிளறிக்கொண்டிருந்தார்.

சிரித்தாலும், சனிக்கிழமை காலை அவர்கள் வீட்டு வாசலில் வண்டியில் சாமான் ஏறிவிட்டது. எலியோ தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். பாவம், புளுகுவதற்கு இனி எதுவும் மிச்சமில்லை.

"பொய்தாம்மா சொன்னேன். நான் ஒருத்தன்தான். பத்தொம்பது வருஷமா காத்தாடிகிட்டதான் நம்ம பாஷை பேசுறேன். அது சுத்தும், பதில் சொல்லாது. நீங்க போயிட்டீங்கன்னா..."

வில்மர் வண்டியைக் கிளப்பினான். டெல்மி ஏறவில்லை. பிறகு மூட்டைகளுக்கு நடுவே கையை விட்டு, ரொட்டி சுடும் இரும்புக் கல்லை உருவி எடுத்து, எலியோவின் இரண்டு கைகளிலும் வைத்தாள்.

"கனக்குது பாத்து. உள்ள கொண்டுபோய் எங்க அடுப்புலயே திரும்ப வைங்க."