வேர் விட்ட மூட்டை

எங்கள் அத்தாவுக்குக் கள்ளக்குறிச்சியில் வெங்காய மண்டி. மண்டிக்காரர் மகள் கொண்டுவரும் வெங்காயம் மட்டும் வேர் விடாது என்று பிளஸ் டூ வகுப்பில் என்னைக் கேலி செய்யாத ஆள் இல்லை. செல் பிரிவதைப் பார்க்க வெங்காய வேரின் நுனி வேண்டும். அத்தாவோ பள்ளிக்கூடத்துக்குப் போகிற சரக்கு கௌரவமாக இருக்கவேண்டும் என்று நன்றாகக் காய்ந்து, அடிப்பக்கம் மழமழவென்று செதுக்கியதாகப் பார்த்துப் பொறுக்கித் தருவார். தண்ணீர் டம்ளர் மேல் வைத்தால் அது அழுகுமே தவிர வேர் விடாது.

பிளஸ் டூவோடு என் படிப்பை நிறுத்துவதாக வீட்டில் பேச்சு. "படிச்ச வரைக்கும் போதும். இன்னாத்த பெரிசா பாத்துட்ட?" என்றார் அத்தா. நான் எதையுமே பார்த்திருக்கவில்லை என்பதுதான் என் எரிச்சல்.

அந்த வருடம் இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம். சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள், லாரி நகரவில்லை. மழையில் நனைந்த மூட்டைகளுக்குள் வெங்காயம் வெள்ளை வெளேரென்று வேர் விட்டது. அத்தா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். பள்ளி மறுபடி திறந்த அன்று நான் ஒரு கை அள்ளிக்கொண்டு ஓடினேன்.

வேர் நுனியைச் சாயத்தில் ஊறவைத்து, கண்ணாடிகளுக்கு நடுவே கட்டைவிரலால் நசுக்கி, மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். ஒரு செல்லில் உட்கருவின் உறையையே காணோம். குரோமோசோம்கள் நடுவில் வரிசை கட்டி நின்றன. அடுத்ததில் அவை இரு பங்காகி எதிரெதிர்ப் பக்கம் ஒதுங்கியிருந்தன. இன்னொன்றில் நடுவே புதுச் சுவரின் மெல்லிய கோடு. அந்தச் சுவருக்கான பொருளைக் கோல்கை உறுப்புகள் சின்னச் சின்னப் பைகளில் அனுப்பும், மைட்டோகாண்ட்ரியாக்கள் இரண்டு பக்கமும் போய்ச் சேரும் என்று படித்திருந்தேன். அவை எங்கள் மைக்ரோஸ்கோப்புக்கு எட்டாது. எட்டாவிட்டால் என்ன, நம்பினேன். இருந்த வீட்டைப் பிரித்து இரண்டு வீடாகக் கட்டிக்கொள்ளும் வேலை, மேஸ்திரி இல்லாமல், எங்கள் மண்டி மூட்டைக்குள் சத்தமின்றி நடந்திருக்கிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

என்னை அழைத்துப் போக வந்த அத்தாவையும் பார்க்கச் சொன்னேன். சரக்குப் பார்ப்பதுபோல ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"ரெண்டு பக்கமும் ஒரே அளவா போவுது?"

"ஆமாத்தா. ஒண்ணுகூட ஜாஸ்தி கம்மி ஆவாது."

"இந்தப் பங்குக்குத்தான வெளிய இத்தினி மரம் சாஞ்சி கெடக்குது" என்றார். பிறகு மறுபடி குனிந்து பார்த்தார்.

மண்டிக்குத் திரும்பியபோது கூலியாள் வேர் விட்ட மூட்டையைக் குப்பைக்கு இழுத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு கூடை எடுத்து வைப்பா" என்றார் அத்தா. "பாப்பாவ காலேஜுல கேட்டா இன்னா பண்றது?"

காலேஜுக்கு இன்னும் பல மாதம் இருந்தது. அதுவரை எந்த வெங்காயம் தாங்கும் என்று நான் கேட்கவில்லை.