உட்கார்ந்து பார்த்தால் ஒரு நிறம்

கல்யாண ஆல்பம் செய்வது எங்கள் தொழில். ராஜபாளையத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறோம். என் வீட்டுக்காரர் படம் எடுப்பார். நான் அதை அடுக்கி, நிறம் திருத்தி அச்சுக்கு அனுப்புவேன். ஆனால் எந்தப் படம் வேண்டும், எது வேண்டாம் என்று பொறுக்குகிற வேலை மட்டும் ஸ்டுடியோவில் நடக்காது. மறுவீட்டு விருந்து அன்றைக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நான்தான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும்.

சாப்பாடு முடிந்ததும் கூடத்தில் ஜமுக்காளம் விரித்து மாப்பிள்ளை வீட்டாரை உட்காரவைப்பார்கள். பெண் வீட்டார் உட்கார மாட்டார்கள். சம்பந்திகளுக்குச் சமமாக உட்கார்ந்தால் மரியாதை இல்லையாம். காபி டம்ளரை நீட்டிக்கொண்டு பின்னால் நின்றபடியே பார்ப்பார்கள். எல்லாருக்கும் தெரியட்டும் என்று லேப்டாப்பை மேசை மேல் ஏற்றி வைப்பேன்.

இணையத்தில் லேப்டாப் திரைகளைப் பற்றி எழுதுகிறவர்கள், பக்கவாட்டில் பார்த்தால் நிறம் மாறுகிறது என்று ஒரு வரி எழுதிவிட்டு, நேராக உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு இது பெரிய குறை இல்லை என்று முடித்துவிடுவார்கள். படிக்கும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர்களில் ஒருவரையாவது எங்கள் ஊர் மறுவீட்டுக்குக் கூட்டிவந்து ஜமுக்காளத்தில் உட்காரவைக்க வேண்டும்.

என் பழைய லேப்டாப் கீழிருந்து பார்த்தால் இருட்டடிக்கும், மேலிருந்து பார்த்தால் வெளுத்துப்போகும். உட்கார்ந்திருக்கிற மாமியார், "பொண்ணு மொகம் இருட்டாக் கெடக்கே" என்பார். நிற்கிற அம்மா, "எங்கன இருட்டு? நல்லா வெளிச்சமாத்தான இருக்கா" என்பார். இரண்டு பேருமே உண்மையைத்தான் சொல்வார்கள். நான் நடுவில் புகுந்து, "ஸ்கிரீன் அப்படிக் காட்டுது, பிரிண்டுல சரியா வரும்" என்பேன். எங்கள் தொழிலில் எல்லாரும் சொல்கிற வசனம்தான். உடனே இரு வீட்டாரும் அடங்கிவிடுவார்கள்.

அந்த லேப்டாப்பின் மூடி ஒருநாள் கையோடு வந்துவிட்டது. புதிது வாங்கக் கடைக்குப் போனோம். பெரிய வேலைகளுக்கென்றே செய்த லேப்டாப்கள் மூன்றைக் கடைக்காரர் எடுத்து வைத்து, மூன்றிலும் கிளியும் கடலும் ஓடவிட்டார். கிளி எந்தத் திரையிலும் அழகாகத்தான் இருக்கும். நான் பென்டிரைவில் கொண்டுபோன படத்தைப் போடச் சொன்னேன். அரக்குப் பட்டு, வெள்ளை வேட்டி, கருத்த தலைமுடியில் மல்லிகை. இந்த மூன்றையும் ஒழுங்காகக் காட்டினால் அந்தத் திரையை நம்பலாம்.

முதல் திரையில் கருப்பு அப்படியே மை மாதிரி இருந்தது. சொக்கிப்போனேன். ஆனால் பளபளவென்ற அந்தக் கண்ணாடியில் கடையின் டியூப்லைட் மாப்பிள்ளையின் தோளில் படுத்திருந்தது, அரக்கு வேறு குங்குமமாகிவிட்டது. இரண்டாவதில் பளபளப்பு இல்லை. கொஞ்சம் நகர்ந்ததும் வேட்டி மஞ்சளாகியது. மூன்றாவதுக்கு முன்னால் என் வீட்டுக்காரர் யார் என்ன நினைப்பார்கள் என்று பார்க்காமல் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நான் அங்கே கிடந்த ஸ்டூலில் ஏறி நின்றேன்.

"என்ன கலரு தெரியுது?" என்று கேட்டேன்.

"அரக்கு. ஒனக்கு?"

"அரக்குதான். வேட்டி?"

"வெள்ளை."

கடைக்காரர், "அக்கா, எல்லாரும் ஸ்பீடுதான் கேப்பாங்க. நீங்க ஏறிக் குதிக்கிறியளே" என்று சிரித்தார். நான் இறங்கி வந்து படத்தைப் பெரிதாக்கினேன். முந்தானை ஜரிகை இழை இழையாகப் பிரிந்து தெரிந்தது. பெண்ணின் மேலுதட்டில் இருந்த வியர்வை தெரிந்தது. அவ்வளவு நாளும் அந்தப் படத்தை அழுக்குக் கண்ணாடி வழியாகத்தான் பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. அதையே வாங்கினோம்.

அதைக் கொண்டுபோன முதல் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். பெண் ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்ப்பவள். நல்ல உயரம், நல்ல கருப்பு, சிரித்தால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். மாப்பிள்ளை வன்னியம்பட்டிக்காரர், ராணுவத்தில் இருக்கிறார். லீவு முடிந்து மறுநாள் ரயில். அதனால் அன்றைக்கே எல்லாம் முடிவாக வேண்டும். நான் மேசையில் லேப்டாப்பை வைக்கும்போது அந்தப் பெண் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, எங்க அக்கா கல்யாண ஆல்பத்துல அவள அடையாளமே தெரியல. அம்புட்டு வெள்ளையடிச்சுட்டாவ. என்னைய அப்படிப் பண்ணிராதிய. அவிய அங்க பட்டாளத்துல இருந்து பாக்கும்போது நான் நானா இருக்கணும்."

ஆகட்டும் என்று தலையாட்டினேன். யாராவது வெளுக்கச் சொன்னால் பழைய வசனத்தைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்று நம்பித்தான் ஆட்டினேன்.

முதல் படம் வந்தது. கூடத்தில் சத்தமே இல்லை. உட்கார்ந்தவர்களும் நின்றவர்களும் ஒரே படத்தைப் பார்க்கிறார்கள். இத்தனை வருடத்தில் நான் அப்படி ஓர் அமைதியைக் கண்டதில்லை. திரையை நினைத்து எனக்குப் பெருமை தாங்கவில்லை. யாரோ பால்கோவா விரலோடு அதைத் தொட்டுக் காட்ட வந்தபோது கையைப் பிடித்துத் தடுத்தேன்.

அப்போது மாமியார், "எல்லாம் தெளிவா இருக்கு. பொண்ணு மொகத்த மட்டும் செத்த வெளுப்பாக்கிருங்க" என்றார்.

பின்னால் நின்ற பெண்ணின் அம்மாவும், "ஆமாம்மா, நானே சொல்லணும்னு இருந்தேன்" என்றார்.

இரு வீட்டாரும் என் முன்னால் ஒத்துப்போனது அன்றுதான். எனக்குச் சுருக்கென்றது. வசனம் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் எப்படிச் சொல்வது? இந்தத் திரை எதையும் கூட்டியும் காட்டவில்லை, குறைத்தும் காட்டவில்லை. தப்பித்துக்கொள்ள எனக்கிருந்த ஒரே வழியை நானே ஸ்டூலில் ஏறி நின்று பார்த்து அடைத்திருக்கிறேன்.

அடுக்களை வாசலில் தட்டோடு நின்ற அந்தப் பெண் பேசினாள். குரலில் கோபம் இல்லை.

"அத்தை, நான் இந்த ஓரத்துல நின்னு பாக்கேன். இங்க இருந்தும் இதே நெறந்தான் தெரியுது. நான் எங்கிட்டிருந்து பாத்தாலும் கருப்புதான். அவிய பாத்துதான கட்டுனாவ."

எல்லாரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். சுவரோரம் இருந்தவர் எழுந்து மேசைக்கு வந்தார். குனிந்து படத்தைப் பார்த்தார். அவர் அம்மா பேச்சைத் தட்ட மாட்டார் என்று கல்யாணத்தன்றே என் காதில் விழுந்திருந்தது.

"பிரிண்டுல இப்படியே வருமாக்கா?" என்று கேட்டார்.

"இப்படியே வரும்" என்றேன்.

"அப்ப இதுல கைய வைக்காதிய."

மாமியார் மகனைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தார், கழுத்தைத் திருப்பி வாசலில் நின்ற மருமகளைப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார். நான் கடையில் அரக்கையும் வெள்ளையையும் சரிபார்த்தது போலத்தான் நிதானமாகப் பார்த்தார்.

"ஒண்ணுபோலத்தான் இருக்கா" என்றார். ஜமுக்காளத்தில் பக்கத்தில் இருந்தவரைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, "ஏட்டி, அந்தத் தட்ட வச்சிட்டு இங்கன வந்து உக்காரு. ஒன் கல்யாணத்த நீயே நின்னு பாக்கணுமா?" என்றார்.