லூயிஷாம் நடைமேடையில் விரித்த சீனப்பட்டு

1993 ஜூன், சனிக்கிழமை. காலை ஒன்பதரைக்கு கோலியர்ஸ் வுட்டில் பாதாள ரயில் ஏறி, லண்டன் பிரிட்ஜில் மாறி, பதினொன்றுக்குள் லூயிஷாம் சிவன் கோயிலில் இருந்தோம். நானும் வசந்தியும். அவள் யாழ்ப்பாணத்துக்காரி, சென்னைக் கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி. நான் கோவையில் ஒரு பாலிடெக்னிக்கில் துணி வடிவமைப்பு கற்பிப்பவள். பத்து நாள் விடுமுறையில் அவளுடைய லண்டன் வீட்டில் விருந்தாளி.

பன்னிரண்டே கால். தரிசனம் முடிந்து சந்தை வழியாக ஸ்டேஷனுக்கு நடந்தோம். ஒரு பழைய சாமான் கடையில், அட்டைப்பெட்டிக்குள் சிவப்பாக ஏதோ மின்னியது. கையை விட்டு எடுத்தேன். சீனப்பட்டு! மூன்று துண்டுகள், ஒவ்வொன்றும் ஒரு முழ அகலம். ஒன்றில் கடலலை, ஒன்றில் பெரிய செம்பூ, ஒன்றில் கொக்கு. தங்க இழையைத் துணிக்குள் குத்தி இழுக்காமல், மேலே படுக்கவைத்து மெல்லிய நூலால் கட்டியிருந்தார்கள். முந்தைய நாள்தான் அருங்காட்சியகத்தில் இதே போன்ற ஒன்றைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்திருந்தேன்.

அது நாற்காலி விரிப்பு. சீன அரசர் காலத்தில் பெரிய வீடுகளில், திருமணத்துக்கும் பண்டிகைக்கும் மர நாற்காலிகளுக்கு இப்படிப் பட்டு உடுத்துவார்கள். ஒரே நீளத் துணி, நான்கு பகுதி: கால் பக்கம் தொங்குவது, உட்காருமிடம், முதுகு சாய்வது, அதற்கு மேலாகப் பின்புறம் விழுவது. அரசர் ஆட்சி போனபின் இத்தகையவை ஏராளமாகக் கடல் கடந்தன. பல, இங்கே தலையணை உறைகளாக வெட்டுப்பட்டன; இதுவும் அப்படித்தான்.

"நாலாவது துண்டு எங்கே?" என்றேன் கடைக்காரரிடம்.

"மற்ற மூன்றோடு சேர்த்து வைத்தால் அதில் பூ தலைகீழாக இருந்தது, தப்பாகத் தைத்தது. இப்போதுதான் ஒரு அம்மா வாங்கிப் போனார். பச்சைக் கோட்டு. ரயிலுக்குப் போகிறேன் என்றார்."

மூன்றுக்கும் ஆறு பவுண்டு கொடுத்தேன். வசந்தி என் கையைப் பிடித்தாள். "கெதியா வா! ஆளைப் பிடிக்க ஏலும்!"

புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இருவரும் ஓடினோம். மூச்சு வாங்க நடைமேடைக்கு வந்தால், கடைசி பெஞ்சில் பச்சைக் கோட்டு! எழுபது வயதிருக்கும். மடியில் சிவப்புத் துண்டு.

ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொல்லி, பத்து பவுண்டு தருகிறேன் என்றேன்.

"வேண்டாம் அம்மா. பிடித்துத்தானே வாங்கினேன்? முதுகுக்கு வைக்கும் தலையணைக்கு உறை போடப்போகிறேன்."

சரி என்று திரும்பினேன். வசந்தி என்னைத் தள்ளினாள். "விடாதை. ஒருக்கா விரிச்சுக் காட்டு."

பெஞ்சில் விரித்தேன். கீழே அலை, உட்காருமிடத்தில் செம்பூ, முதுகில் கொக்கு. அந்த அம்மாவே தன் துண்டை மேலே வைத்து, வெட்டுவாயோடு வெட்டுவாய் பொருத்தி, பின்புறமாகத் தொங்கவிட்டார். பிறகு எழுந்து பெஞ்சைச் சுற்றிப் பின்னால் போனார்.

"அட, நேராக நிற்கிறதே!"

தலைகீழ்ப் பூ இப்போது ஒரு தாமரை, நிமிர்ந்து நின்றது. பின்னால் வருபவர் பார்ப்பதற்காகத் தைத்தது அது. அந்த அம்மாவின் ரயில் வந்தது. கதவுகள் திறந்தன, மூடின. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"என் வீட்டுக்குக் கொண்டுபோனால் இது மறுபடி தலைகீழாகிவிடும்," என்று துண்டை என் கையில் வைத்தார். பணம் வாங்க மறுத்துவிட்டார். வசந்தி அவரைக் கட்டிக்கொண்டு, "தாங்க்யூ, தாங்க்யூ" என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள்.

நான்கு நாள் கழித்து விமானத்தில், பையை மேலே வைக்க மனமில்லாமல் மடியிலேயே வைத்திருந்தேன். இதை வெட்டியவரை வழியெல்லாம் மனதுக்குள் திட்டிக்கொண்டு வந்தவள், பாதிக் கடலில் நிறுத்திக்கொண்டேன். என் முகூர்த்தப் புடவை நினைவுக்கு வந்தது; அதை நானேதான் கத்தரித்து, என் இரண்டு பெண்களுக்கும் பாவாடை தைத்தேன். தீபாவளிக்கு அவர்கள் அதை உடுத்தி ஓடியபோது எவ்வளவு பெருமைப்பட்டேன்! முந்தானை எங்கே போனது என்று இன்றுவரை நான் தேடியதில்லை.